ஒரு மில்லிமீற்றருக்கு ஆயிரம் கிலோமீற்றர்

பாடப் புத்தகப் படங்களில் கோள்கள் வரிசையாக நிற்கும். வியாழன் பெரிது, பூமி சிறிது என்பது வரை புரியும். எத்தனை மடங்கு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் நானும் அக்கா மகளும் சேர்ந்து நட்சத்திரம், கோள், நிலா எல்லாவற்றையும் ஒரே அளவிடையில் உருண்டைகளாகச் செய்யத் தொடங்கினோம். இடம் தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டம். இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

1 மில்லிமீற்றருக்கு 1,000 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டோம். கணக்குப் போட இதைவிடச் சுகமான அளவிடை கிடையாது. 12,742 கிலோமீற்றர் பூமி 12.7 மில்லிமீற்றர் ஆகும். நிலா 3.5 மில்லிமீற்றர், வியாழன் 14.3 சென்ரிமீற்றர், சூரியன் 1.39 மீற்றர். எல்லாம் வீட்டில் செய்யக்கூடிய அளவுதான்.

பெரியவற்றுக்குப் பழைய பேப்பரும் கோதுமை மாப் பசையும். இங்கே மூட்டம் இறங்கினால் பசை காயவே காயாது, விறகு அடுக்கும் பரணில் வைத்துத்தான் காய வைத்தோம். புகை பிடித்துச் சனி நல்ல பழுப்பு நிறத்துக்கு வந்தது. வண்ணம் பூச மனம் வரவில்லை, அப்படியே விட்டோம். சனியை முழு உருண்டையாக்கவும் கூடாது. நடுவில் 12 சென்ரிமீற்றர் என்றால் துருவத்துக்குத் துருவம் 10.9தான் வரவேண்டும். வேகமாகச் சுழல்வதால் அப்படிப் பிதுங்கி நிற்கிறது. ஈரமாக இருக்கும்போதே இரண்டு பக்கமும் அமுக்கிவிட்டோம்.

சின்னவைதான் பொறுமையைச் சோதித்தன. களிமண் காய்ந்தால் சுருங்கும். ஆகவே குழாய் ஒழுக்கு அடைக்கிற எம்-சீலை உருட்டி, அரத்தாளில் உரசி, வேர்னியர் கருவியில் அளந்து, மறுபடி உரசினோம். அவ்வளவு நுணுக்கம் தேவையா என்றால், தேவைதான். வியாழனின் நிலாவான கனிமீட் 5.3, சனியின் டைட்டன் 5.15, புதன் 4.9, கலிஸ்டோ 4.8. கால் மில்லிமீற்றர் பிசகினால் வரிசையே மாறிவிடும்.

அந்த வரிசையில்தான் எங்களுக்கு முதல் ஆச்சரியம். வகை பார்க்காமல் விட்டத்தை மட்டும் பார்த்துப் பலகையில் அடுக்கியபோது, புதனுக்கு முன்னால் இரண்டு நிலாக்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

"மாமா, நிலா எப்படிக் கோளைவிடப் பெரிசா இருக்கும்?"

கோள் என்பது சூரியனைச் சுற்றுவது, நிலா என்பது கோளைச் சுற்றுவது. பருமனுக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை என்றேன். எடை வேறு கதை. கனிமீட்டில் பனிக்கட்டி அதிகம், புதனில் இரும்பு அதிகம். சின்னதாக இருந்தும் புதனின் நிறை கனிமீட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். டைட்டனுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1980இல் வொயேஜர் 1 விண்கலம் பக்கத்தில் போய்ப் பார்க்கும்வரை அதுதான் மிகப் பெரிய நிலா என்று நினைத்திருந்தார்கள். அதன் தடித்த வளிமண்டலத்தையும் சேர்த்து அளந்ததால் வந்த கணக்கு அது.

நட்சத்திரங்களைச் சேர்த்தபோது வரிசை இன்னும் குழம்பியது. டிராப்பிஸ்ட்-1 என்ற சிவப்புக் குறளி, அதாவது மங்கலான சின்ன நட்சத்திரம், 16.6 சென்ரிமீற்றர்தான். வியாழனுக்குப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல இருக்கிறது. சிரியஸ் நட்சத்திரத்தின் துணையான வெண்குறளி, அதாவது எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரம், பூமியைவிடவே சற்றுச் சிறியது, நிறையோ ஏறக்குறைய ஒரு சூரியன். அதைக் கையில் உருட்டும்போது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது. நட்சத்திரம் பெரிது, கோள் நடுத்தரம், நிலா சிறிது என்று மனதில் இருந்த படிக்கட்டில் ஒரு படிகூட உறுதியாக நிற்கவில்லை.

சூரியனுக்கு மூங்கில் சிலாகையை வளைத்து வட்டம் கட்டினோம். மஞ்சள் சேலையின் அகலம் போதாமல் துண்டு வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. இந்த அளவிடையில் சூரியன் 150 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். மலைநாட்டில் அதற்கு வசதி அதிகம்: பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில் கட்டிவிட்டு இந்தப் பக்கம் வாசலில் நின்றால் நடுவில் எந்த மறைப்பும் இல்லை. அப்புறம் நிலாவைக் குச்சியில் ஒட்டிக் கண்ணிலிருந்து 38 சென்ரிமீற்றரில் பிடித்தோம். மூன்றரை மில்லிமீற்றர் மணி அந்தப் பெரிய வட்டத்தை ஏறக்குறைய மூடிவிட்டது. வெறும் கண்ணுக்கு மணியின் ஓரம் கலங்கித் தெரியும். அட்டையில் ஊசியால் துளை போட்டு அதன் வழியே பார்த்தால் பரவாயில்லை.

நிலாவின் தூரம் மாறிக்கொண்டே இருக்கும். மிக அருகில் வரும்போது 36 சென்ரிமீற்றர், மிகத் தூரத்தில் 40.5. 36இல் சேலை முழுவதும் மறைந்தது. 40.5இல் சுற்றிலும் மெல்லிய மஞ்சள் கசிந்தது. 2019 டிசம்பர் 26 கிரகணத்தில் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் வளையம் தெரிந்ததற்கு இதுதான் காரணம். அன்று நிலாவால் சூரியனை மூடி முடிக்க முடியவில்லை. இங்கே மலையில் அது பகுதிக் கிரகணம்தான். பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கும்போது சேலை வட்டத்தைத்தான் பார்க்க வேண்டும், உண்மைச் சூரியனை ஒருபோதும் துளை வழியாகப் பார்க்கக் கூடாது.

திருவாதிரையைச் செய்ய வழியில்லை. சூரியனைப் போல சுமார் 700 மடங்கு, அதாவது ஒரு கிலோமீற்றருக்குக் கிட்டிய விட்டம். போன் வரைபடத்தில் வட்டம் போட்டுப் பார்த்தோம்: லயம், கோயில், கொழுந்து மடுவம் எல்லாம் உள்ளே போய்விட்டன. அதன் தூரமே சரியாகப் பிடிபடாததால் விட்டமும் ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஆனாலும் சூரியனைத் தவிர ஒரு நட்சத்திரத்தின் வட்டு முதன்முதலில் அளக்கப்பட்டது இதில்தான், 1920இல், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில். பெப்ரவரி இரவுகளில் அது நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே போகும்.

பாக்கி இருப்பது சனியின் வளையம். வெளி விட்டம் 27.4 சென்ரிமீற்றர், உள் விட்டம் 14.9, 24க்குப் பக்கத்தில் கசினி இடைவெளி என்ற இருண்ட பட்டைக்கு இடம் விட வேண்டும். தடிப்புத்தான் சிக்கல். உண்மை வளையம் பெரும்பாலும் சில பத்து மீற்றர் தடிப்புத்தான். பத்தில் ஒரு மில்லிமீற்றர் கடதாசி என்றாலே எங்கள் கணக்கில் 100 கிலோமீற்றர் ஆகிவிடுகிறது. இருப்பதில் மெல்லிய எண்ணெய்க் கடதாசியில் வெட்டிப் பார்க்கப் போகிறோம்.