அக்னி நட்சத்திரத்தில் ஒரு ஹார்டு டிஸ்க்

ஏப்ரல் 27

அப்பாவின் பழைய கணினிப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே பல்லி முட்டை ஓடுகள் நான்கு, காய்ந்த குளவிக்கூடு ஒன்று, இருபது பைசா நாணயம் ஒன்று. கார்டுகள் அதனதன் இடத்திலேயே இருக்கின்றன: ஹெர்குலிஸ் டிஸ்ப்ளே கார்டு, ஹார்டு டிஸ்க் கண்ட்ரோலர், மல்டி ஐ/ஓ கார்டு, அப்பா தமிழுக்கென்றே தனியாக வாங்கிப் போட்ட சி-டாக் ஜிஸ்ட் கார்டு. மின்சாரம் கொடுக்கவில்லை. முப்பது ஆண்டுகள் தூங்கிய இயந்திரத்தின் பிளக்கைச் சொருகி "ஓடுகிறதா பார்ப்போம்" என்கிறவர்களிடம் நான் ஒரு டார்ச் லைட்டைக்கூடக் கொடுக்க மாட்டேன்.

அம்மா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குக் கொடுத்த காசில் அன்றைக்கு ஒரு மா நிலம் வாங்கியிருக்கலாம் என்றார். இதை நான் கேட்பது நூறாவது முறையாக இருக்கும்.

ஏப்ரல் 28

பவர் சப்ளையைக் கழற்றி மேசையில் வைத்தேன். மின்சாரம் நுழையும் இடத்தில் உள்ள காகிதக் கெபாசிட்டரின் தேன் நிற மேலுறை முழுவதும் நிலைக்கண்ணாடி விரிந்தாற்போல் கீறல்கள். அந்தக் கீறல்கள் வழியே ஈரக்காற்று உள்ளே போய்க் காகிதத்தில் தங்கிவிடும். இணைப்புக் கொடுத்த சில நிமிடங்களில் வெடித்து, வீடு முழுக்க இரண்டு நாள் போகாத நாற்றத்தைக் கிளப்பும். அதை எடுத்துவிட்டு அதே 0.1 மைக்ரோஃபாரட் அளவில் பிளாஸ்டிக் படலக் கெபாசிட்டரைப் பற்றவைத்தேன். அந்தக் காலத்து சப்ளைகள் சுமை இல்லாமல் கிளம்ப மறுக்கும் என்பதால் கார் முகப்பு விளக்கு ஒன்றைச் சுமையாகக் கட்டி ஓட்டினேன். 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சரியாக வந்தன. பல்பின் வெளிச்சத்தில் கூடம் நன்றாகவே இருந்தது.

ஏப்ரல் 29

அண்ணன் பேசினார். இந்த வீட்டின் பத்திரப்பதிவு மே 30 என்று உறுதியாகிவிட்டதாம். இதற்கு அத்தையும் பணம் கொடுத்தாரா என்பது அப்பாவின் கணக்கில்தான் இருக்க வேண்டும்.

மே 1

மல்டி ஐ/ஓ கார்டில் கடிகாரத்துக்காக வைத்திருந்த 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து, சுற்றியிருந்த செம்புத் தடங்களைப் பச்சையாக்கியிருக்கிறது. கசிந்தது காரம், ஆகவே அமிலம்தான் மருந்து. பேட்டரியை வெட்டியெடுத்துவிட்டுச் சமையலறையிலிருந்து அரை மூடி எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து, பழைய பல் துலக்கியால் தொட்டுத் தேய்த்தேன். மெல்ல நுரைத்துப் பச்சை கரைந்தது. பிறகு காய்ச்சி வடித்த நீர், பிறகு ஆல்கஹால், பிறகு வெயில். இரண்டு தடங்கள் அறுந்திருந்தன. மெல்லிய கம்பியால் பாலம் போட்டேன்.

கடிகாரம் உயிரோடு இருந்த நாட்களில் எழுதிய கோப்புகளுக்கு மட்டும்தான் நாளும் நேரமும் நம்பத்தக்கவையாக இருக்கும். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 3

மதர்போர்டில் 12 வோல்ட் பாதைக்கும் தரைக்கும் இடையே 2 ஓம். ஏதோ ஒரு டான்டலம் கெபாசிட்டர் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. மஞ்சள் மணிகள் போல ஸ்லாட்டுகளுக்கு அருகே வரிசையாக நிற்கும் அவற்றில் குற்றவாளி எது என்று வெளியிலிருந்து தெரியாது. ஒவ்வொன்றாக ஒரு காலைத் தூக்கி அளந்ததில் ஐந்தாவது சிக்கியது. 12 வோல்ட் பாதையில் 16 வோல்ட் தாங்கும் டான்டலத்தைப் போட்டது கஞ்சத்தனம். இனி எல்லாம் 25 வோல்ட்தான்.

மே 5

ஒரு சிறிய பீப். திரையில் 640 கேபி நினைவகத்தை எண்ணி முடித்தது. பிறகு 1701.

அது ஹார்டு டிஸ்க் பதில் சொல்லவில்லை என்பதற்கான எண். காதை வைத்துக் கேட்டேன். தட்டு சுழலவே இல்லை. சீகேட் எஸ்டி-225, 20 எம்பி, செங்கல் கனம். அணைக்கும்போது, தட்டில் படித்து எழுதும் தலைகளைத் தானாக ஓரம் கட்டும் வசதி இந்த மாடலில் கிடையாது. பார்க் கட்டளை கொடுக்காமல் அணைத்தால் தலைகள் நின்ற இடத்திலேயே தட்டின் மீது உட்கார்ந்துவிடும், ஆண்டுகள் போனால் ஒட்டிக்கொள்ளும். டிரைவைக் கழற்றி, கேபிள்களோடு உள்ளங்கையில் கிடத்திக்கொண்டு, மின்சாரம் கொடுத்த நொடியில் தட்டு சுழலும் தளத்திலேயே மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டித் திருப்பினேன். மூன்றாவது முறை, ஜெட் கிளம்புவதைப் போல ஓசை உயர்ந்து, நிமிடத்துக்கு 3600 சுற்றில் நிலைத்தது. அம்மா சமையலறையிலிருந்து, அப்பா ஆபீஸ் அறையில் கேட்கிற சத்தம் என்றார்.

மே 6

அணைக்கவில்லை. அணைக்கப் பயமாக இருக்கிறது.

மே 8

டாஸ் 3.3 எழும்பியது. கோப்புப் பட்டியல் வந்தது. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் கட்டணக் கணக்குகள், தேர்வுப் படிவங்கள், கடிதங்கள். நடுவில் "வீடு" என்று ஆங்கில எழுத்துகளில் பெயரிட்ட ஒரு கோப்பு. கடைசியாகத் திருத்திய நாள் 1993 மே 19, பிற்பகல் 3:10. திறக்கச் சொன்னேன். "அபார்ட், ரிட்ரை, ஃபெயில்?" என்று கேட்டது. ரிட்ரை. மறுபடியும் அதே கேள்வி.

இன்று முழுவதும் ஒரே யோசனை. இந்த டிரைவில் தலைகளை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். பூஜ்ஜியத்திலிருந்து இத்தனை படி என்று எண்ணிப் போய் நிற்குமே தவிர, தடத்தின் நடுவில்தான் நிற்கிறோமா என்று சரிபார்க்க அதற்கு வழியில்லை. ஓர் அங்குலத்துக்கு 588 தடங்கள். ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 0.043 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வெப்பம் ஏறினால் தட்டும் தலைகளைத் தாங்கும் கையும் உடலும் விரிகின்றன, ஆனால் எல்லாம் ஒரே அளவில் விரிவதில்லை. ஆகவே குளிரில் எழுதிய தடமும் வெயிலில் எழுதிய தடமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுவதில்லை. இதில் இன்னொரு சிக்கல்: ஒவ்வொரு செக்டருக்கும், அதாவது தடத்தின் ஒவ்வொரு துண்டுக்கும், முன்னால் இருக்கும் முகவரியை, தட்டை முதலில் தயார்செய்யும் லோ-லெவல் ஃபார்மட் அன்று ஒரு முறை எழுதுவதோடு சரி, தகவலைத்தான் நாள்தோறும் எழுதுகிறோம். முகவரி ஒரு பருவத்தில் கிடக்கிறது, தகவல் இன்னொரு பருவத்தில் கிடக்கிறது. காலை ஆறு மணிக்குப் பிழை வேறு மாதிரி வருகிறது: செக்டரையே காணோம் என்கிறது. பகல் இரண்டு மணிக்குச் செக்டர் கிடைக்கிறது, உள்ளிருப்பது சரியில்லை என்கிறது. ஒரே செக்டர்தான்.

அந்தக் கோப்பை எழுதிய நேரம் மே 19, பிற்பகல் 3:10. அக்னி நட்சத்திரத்தின் நடுவில், அந்த ஓட்டுக் கூரையின் கீழ், மின்விசிறி மட்டும் உள்ள அறையில்.

மே 9

வாசித்துத் திரும்ப எழுதிப் "புதுப்பிக்கும்" பழைய மென்பொருள் ஒன்றை ஓட்டச் சொல்லி நண்பர் யோசனை சொன்னார். இந்தத் தட்டில் இனி ஒரு பிட்கூட எழுதப்படாது. டேவிட் கெஸ்வைன் வடிவமைத்த ரீடர் பலகைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பீகிள்போன் என்ற சிறு கணினிப் பலகையின் மேல் உட்காரும். கண்ட்ரோலரை ஒதுக்கிவிட்டு, 34 கம்பி, 20 கம்பிக் கேபிள்களை நேராக வாங்கிக்கொண்டு, காந்த மாற்றங்களை உள்ளபடியே பதிவு செய்யும். பிறகு சாவகாசமாகப் பொருள் பிரிக்கலாம்.

பார்சல் எங்கிருக்கிறது என்று மூன்று முறை பார்த்தேன்.

மே 12

5.25 அங்குல ஃபிளாப்பிகள் முப்பத்தொன்று. பாதிக்கு மேல் பூஞ்சை, வெள்ளை வட்டங்களாக. அப்படியே டிரைவில் போட்டால் தலை அழுக்காகி அடுத்த ஃபிளாப்பியையும் கீறும். உறையின் ஓரத்தைக் கீறி, தட்டை வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு சோப்புக் கலந்து விரல் நுனியால் கழுவி, கொடியில் க்ளிப் போட்டு நிழலில் தொங்கவிட்டேன். முற்றத்தில் பழுப்பு அப்பளங்கள் காய்வதைப் போல இருந்தது. ஃபிளாப்பிகளைப் படிக்கக் கீயர் ஃப்ரேசர் உருவாக்கிய கிரீஸ்வீசல் பலகையில் பத்தொன்பது முழுதாக வந்தன. "வீடு" எதிலும் இல்லை. அப்பா அதற்கு நகல் எடுக்கவில்லை.

மே 13

அத்தை போன் செய்தார். அம்மாவின் முட்டிவலியைப் பற்றி மட்டும் கேட்டார். நானும் அதைப் பற்றி மட்டும் சொன்னேன்.

மே 15

பிற்பகல் 2:40க்கு மின்வெட்டு. டிரைவ் ஓடிக்கொண்டிருந்தது. ஓசை கீழிறங்கி இறங்கி, கடைசியில் தலைகள் தட்டில் உரசும் அந்த மெல்லிய சீறல். யூபிஎஸ் வாங்கி வைத்தாயிற்று, ஆனால் சொருகியிருந்தது அம்மாவின் தொலைக்காட்சியில். தவறு முழுக்க என்னுடையது. மின்சாரம் வந்த பிறகு பதினொரு முறை மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. கை நடுங்கியதை எழுதாமல் விட முடியவில்லை.

மே 17

பார்சல் வரவில்லை.

மே 19

பார்சல் வரவில்லை. பிற்பகல் 3:10க்கு டிரைவின் மேலுறை 52 டிகிரி. சும்மா அளந்து வைத்தேன்.

மே 21

வந்துவிட்டது. 615 சிலிண்டர் (ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் தடங்களின் அடுக்கு), 4 தலை, தடத்துக்கு 17 செக்டர்: மொத்தம் 41,820 செக்டர்கள். முதல் ஓட்டத்தில் 312 கெட்டவை. மாலை ஏழு மணிக்கு, உறை 44 டிகிரியில், 280. இரண்டிலும் பொதுவாகக் கெட்டவை 96 மட்டுமே. வெப்பத்தைப் பற்றி நான் கட்டிய கதை கதையல்ல என்று தெரிந்ததில் ஒரு பொங்கல் வந்த சந்தோஷம்.

டிரைவின் நெற்றியில் தொழிற்சாலையிலேயே ஒட்டிய காகிதம் இன்னும் இருக்கிறது: எந்த சிலிண்டர், எந்தத் தலை, எங்கே குறை என்று டைப் அடித்த பட்டியல். தன் குறைகளை எழுதி நெற்றியில் ஒட்டிக்கொண்டு விற்பனைக்கு வந்த காலம் அது. நம்முடைய 96இல் இரண்டுதான் அந்தப் பட்டியலில் இருப்பவை.

மே 22

எழுத்துகளைப் பிரிக்கத் தொடங்கினேன். திரையில் வெறும் எண்கள். 212 207 212 221, ஓர் இடைவெளி, 184 224 209 212 221. இரண்டு சொல்லும் 212 221 என்றே முடிகின்றன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவு, செலவு. இரண்டின் வாலிலும் "வு". அது இந்திய மொழி எழுத்துகளுக்கான இஸ்கி குறியீடுதான். 212 வகரம், 221 உகரக் குறி. செலவில் கொம்பு, எழுதும்போது சகரத்துக்கு முன்னால் நிற்கிறது, சேமிப்பில் 184க்குப் பின்னால் 224ஆக நிற்கிறது. நாம் உச்சரிக்கிற ஒழுங்கில். பிறகு ஒரு வரிசையை நானே தட்டித் தேடச் சொன்னேன்: 164 194 232 194 226. அத்தை.

ஏழு இடங்களில் வந்தது. ஆறு இடங்கள் கடிதங்கள்.

மே 23

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 25

ஏழாவது இடம் "வீடு" கோப்பு. "அத்தை வகையில் வரவு ரூ." என்ற இடத்தில் செக்டரின் 512 பைட்டுகள் முடிந்துபோகின்றன. தொகை அடுத்த செக்டரில். அடுத்தது என்றால் தட்டில் அடுத்தது அல்ல. 3:1 இடைவெளி வைத்து ஃபார்மட் செய்திருப்பதால் இரண்டு செக்டர்களைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறது. 96இல் ஒன்று அது.

இன்று 48, 50, 53 டிகிரிகளில் ஓட்டினேன். டிரைவைப் பக்கவாட்டில் நிமிர்த்தியும் ஓட்டினேன். அப்பாவின் பெட்டியில் அது படுத்துத்தான் இருந்தது, இருந்தாலும் கையின் எடை மாறினால் தலை ஒரு மயிரிழை நகரும் என்ற நப்பாசை. 96 என்பது 23 ஆனது. நமக்கு வேண்டியது அந்த 23க்குள் இருக்கிறது.

மே 27

செக்டரோடு சேர்த்து எழுதியிருக்கும் சரிபார்ப்பு எண் ஒத்துவராவிட்டாலும் வந்ததை வந்தபடி காட்டச் சொன்னேன். பத்து முறை வாசித்ததில் ஆறு முறை 25000, நான்கு முறை 35000. இரண்டு என்ற எழுத்து தட்டில் 50, மூன்று என்ற எழுத்து 51. நடுவே ஒரே ஒரு பிட். அந்த ஒரு பிட் மட்டும் கலங்கியிருந்தால் சரிபார்ப்பு எண்ணே திருத்திக் கொடுத்திருக்கும். அந்தச் செக்டரில் அது தவிரப் பத்துப் பன்னிரண்டு இடங்கள் ஆடுகின்றன.

அண்ணனிடம் சொன்னேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பெரும்பான்மையை எடுத்துக்கொள்ளலாமே, இருபத்தைந்தே போதும் என்றார். வாக்கெடுப்பு நடத்தி அப்பா எழுதாத கணக்கை நான் எழுத முடியாது என்றேன். தொகை எதுவானாலும் அத்தை கொடுத்தார் என்பது உறுதியாகிவிட்டதே, அதற்கு ஏன் இன்னும் டிரைவை வறுக்கிறாய் என்று அம்மா கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. சரிபார்ப்பு எண் ஒருமுறை, ஒரே ஒருமுறை ஒத்துவர வேண்டும்.

மே 28

அக்னி முடிகிற நாளில் மழை. இரவு முழுதும் ஓடு சொட்டியது. காலையில் உறை 33 டிகிரி. முகவரிகளே கிடைக்கவில்லை.

மே 29

நாளை காலை ஆறு மணிக்கு லாரி. கூடத்தில் இருப்பது பீகிள்போன், டிரைவ், யூபிஎஸ், ஒரு ஸ்டூல், அம்மாவின் கட்டில். டிரைவை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை உள்ளே எரியவிட்டு, தெர்மாமீட்டரின் முனையை மேலுறையில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். அரை மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றவில்லை. திடீர்ச் சூட்டில் தட்டு ஒரு பக்கமாக விரிந்தால் எல்லாம் போயிற்று. 49இல் ஐந்து முறை: நான்கு 25000, ஒன்று 35000. 50இல் ஐந்து முறை: இரண்டு 25000, மூன்று 35000. ஆடும் இடங்கள் பன்னிரண்டிலிருந்து நான்காகக் குறைந்திருக்கின்றன. இப்போது இரவு 11:20. உறை 51.