பச்சை மை

கார் வாங்க முடிவெடுத்தால் மற்றவர்கள் பேங்க் மேனேஜரைப் போய்ப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் முதலில் மாமனாரைப் பார்க்க வேண்டும்.

மாமா உள்ளாட்சி நிதித் தணிக்கையில் இருந்து ரிட்டயரானவர். ஆள்தான் ரிட்டயரானாரே தவிர, அவருடைய பச்சை மைப் பேனா இன்னும் டூட்டியில்தான் இருக்கிறது. ஒருமுறை மாமியார் எழுதிய மளிகை லிஸ்ட்டில் ‘முந்திரி கால் கிலோ’ என்பதற்கு எதிரே, ஓரத்தில், சின்னதாக ‘ஏன்?’ என்று எழுதி வைத்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் பாயசம் இல்லை. அடுத்த மூன்று நாள் மாமாவுக்குக் காபியும் இல்லை.

நாங்கள் இருப்பது திருச்சியில். நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் வாத்தியார். (இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும். நான் அவமானப்படுவதற்கு.)

கார் பேச்சை எப்போது எடுத்தாலும் மாமா ஒரே வார்த்தைதான் சொல்வார். “பொறுங்க மாப்ள.” இரண்டு வருஷம் பொறுத்தேன். 2025 செப்டம்பர் 22 அன்று, நாலு மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் இருக்கிற சின்ன பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் அதன் தலைமேல் உட்கார்ந்திருந்த செஸ்ஸும் போய் 18 சதவீதம் மட்டும் என்றானது. ஒரே நாளில் மாமா எங்கள் வீட்டில் தீர்க்கதரிசி ஆகிவிட்டார். சரி, இப்போதாவது கிளம்பலாமா என்றால், “பொறுங்க மாப்ள. மார்கழி வரட்டும்.”

மாமியார் பதறிவிட்டார். மார்கழியில் யாராவது வண்டி எடுப்பார்களா? மாமாவின் வாதம் நேர்மாறானது. எவனும் எடுக்க மாட்டான், அதனால் ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். வருஷக் கடைசி வேறு. டிசம்பர் தாண்டினால் அது ‘போன வருஷத்து வண்டி’, விற்கும்போது விலை இறங்கும், அதனால் இருக்கிற ஸ்டாக்கைத் தள்ளப் பார்ப்பார்கள். மார்கழியில் பேரம், தை பிறந்ததும் டெலிவரி. இதற்கு மாமியாரும் ஒப்புக்கொண்டார். பேரத்துக்கு ராகுகாலம் கிடையாதாம்.

ஷோரூமில் நிஜமாகவே எங்களைத் தவிர யாரும் இல்லை. டை கட்டிய தம்பி ஒருவர் ஓடி வந்து, குளிரக் குளிர ஜூஸ் கொடுத்து, நேராக சன்ரூஃப் வைத்த வண்டிக்கு அழைத்துப் போனார். பட்டனை அமுக்கினால் கூரை திறந்தது. என் மகள் தலையை வெளியே நீட்டினாள். என் மனைவியும் நீட்டினாள். நானும் நீட்டியிருப்பேன், மாமா பார்த்தார்.

“இது எவ்வளவு தம்பி?”

“எக்ஸ் ஷோரூம் 10,12,000 சார்.”

“கூரை திறக்காதது?”

“8,60,000 சார்.”

மாமா பச்சைப் பேனாவைத் திறந்தார். தமிழ்நாட்டில் காருக்கு வாழ்நாள் சாலை வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், 10 லட்சம் தாண்டிவிட்டால் 20 லட்சம் வரைக்கும் 18. தாண்டின பாகத்துக்கு மட்டும் இல்லை, மொத்தத்துக்கும். கூரை திறக்காத வண்டிக்கு வரி 1,11,800. திறக்கிற வண்டிக்கு 1,82,160. “அம்மாடி, இந்த ஓட்டைக்கு வரி மட்டும் 70,360 ரூபா கூடக் கட்டணும். திருச்சி வெயில்ல வருஷத்துல எத்தனை நாள் திறப்பே?” பேத்தி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இந்தக் கோடு பலருக்குத் தெரிவதில்லை. 9,99,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,870. இன்னும் ஒரு 2,000 கூட்டி 10,01,000 வண்டி எடுத்தால் 1,80,180. ஸ்டாஃப் ரூமில் ஒருவர் இப்படித்தான் ‘கொஞ்சம்தானே கூட’ என்று மேல் மாடல் எடுத்தார். 10 லட்சத்துக்கு மேல் என்பதால் ஒரு சதவீதம் டிசிஎஸ்ஸும் (விற்கிறவரே முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி) பிடித்தார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பது அவருக்கு என் மாமா சொல்லித்தான் தெரியும்.

பிறகு கொட்டேஷன் வந்தது. ஒரே ஒரு தாள். எக்ஸ் ஷோரூம், வரி, இன்சூரன்ஸ் 52,400, ஹேண்ட்லிங் சார்ஜ் 9,500, ‘எசென்ஷியல் கிட்’ 18,900, எக்ஸ்டெண்டட் வாரண்டி 14,200, ஃபாஸ்டேக் 600, ஆர்டிஓ செலவு 6,000. ஆன்-ரோடு 10,73,400. எனக்கு அந்த மொத்தத்தைப் பார்த்ததுமே கண் கட்டிவிட்டது. மாமா மொத்தத்தைப் பார்க்கவே இல்லை. மேலிருந்து ஒவ்வொரு வரியாக வந்தார். ஒவ்வொரு வரியிலும் பேனா நின்றது.

“ஹேண்ட்லிங் சார்ஜுன்னா என்ன தம்பி?”

“வண்டியை யார்டுல இருந்து கொண்டு வர்றது, கழுவறது, அதெல்லாம் சார்.”

“காந்தி மார்க்கெட்ல கத்திரிக்காய் வாங்கினா, தோட்டத்துல இருந்து கொண்டு வந்த கூலியைத் தனியாவா கேக்கிறான்? இது மோட்டார் வாகனச் சட்டத்துல எந்தப் பிரிவு?”

“கம்பெனி பாலிசி சார்.”

“சரி. இதே பேர்ல, ஜிஎஸ்டி நம்பர் போட்டுத் தனி ரசீது குடுப்பீங்களா?”

தம்பி உள்ளே போனார். வெளியே வரும்போது 9,500 இல்லை. இவ்வளவு சுலபமாகப் போகக்கூடிய ஒன்று எதற்காக வந்தது என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. மாமா அசையவில்லை. ஆர்டிஓ செலவுக்கு வந்துவிட்டார். காருக்குப் பதிவுக் கட்டணம் 600, லோன் இருப்பதை ஆர்சியில் ஏற்ற 1,500, கார்டு தபால் என்று இன்னும் சில நூறு. மீதி? மீதி ‘அங்கே கொடுக்கிறது’ என்று தம்பி மென்று விழுங்கினார். “அங்கே குடுக்கிறதுக்கு வவுச்சர்?” 6,000 ரூபாய் 2,700 ஆனது.

எசென்ஷியல் கிட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னார். மேட், மட் ஃப்ளாப், கவர், சென்ட் பாட்டில், இரண்டு குஷன், அப்புறம் ஒரு சாவிக்கொத்து 450 ரூபாய். சாவிக்கொத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமயபுரத்தில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிற அதே வளையம். எதிரே ‘ஏன்?’ விழுந்தது. மேட் மட்டும் 2,200-க்கு நின்றது. எக்ஸ்டெண்டட் வாரண்டியை அவர் வெட்டவில்லை. “இது தேவைதான், இந்தக் காலத்து வண்டி முழுக்க எலெக்ட்ரானிக்ஸ்.” எனக்கே அதிர்ச்சி.

பெரிய சண்டை இன்சூரன்ஸில் வந்தது. புது காருக்கு மூன்று வருஷத் தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகிற சேதத்துக்கான இன்சூரன்ஸ், கட்டாயம். 2018 செப்டம்பரில் இருந்து, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி. 1000-த்துக்கு மேல் 1500 சிசி வரை உள்ள காருக்கு அதன் பிரீமியம் 10,640. அரசாங்கம் நிர்ணயித்தது, எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒரே தொகை. வித்தியாசம் எல்லாம் நம் சொந்த வண்டிக்கான ‘ஓன் டேமேஜ்’ பாகத்திலும், ஆட்-ஆன் என்கிற கூடுதல் பாதுகாப்புகளிலும்தான். அதை ஒரு வருஷத்துக்கு எடுத்தால் போதும், எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். முந்தின ராத்திரி என்னை உட்கார வைத்து, அதே 8,17,000 ஐடிவிக்கு (இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிக்குப் போடுகிற மதிப்பு), அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காதது), ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி மொத்தமாகப் போனால் பில் விலை தருவது), இன்ஜின் ப்ரொடெக்ட் எல்லாம் சேர்த்து ஆன்லைனில் விலை பார்த்திருந்தார். 36,700.

இன்ஜின் ப்ரொடெக்ட் எதற்கு, திருச்சியில் என்ன வெள்ளமா என்று கேட்டேன். மாமா என் மச்சான் கதையை நினைவுபடுத்தினார். அவன் சென்னை வேளச்சேரியில் இருக்கிறான். 2015 டிசம்பரில் தண்ணீர் வடிந்ததும் ஆசையாகப் போய் சாவியைத் திருகினான். இன்ஜினுக்குள் இருந்த தண்ணீர் பிஸ்டனை முறித்துவிட்டது. அந்த ஆட்-ஆன் இல்லை, காசு வரவில்லை. இப்போதெல்லாம் வானிலை அறிக்கையில் ‘மிக கனமழை’ என்று கேட்டால் போதும், வண்டியை மேம்பாலத்தின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு வந்துதான் தூங்குகிறான். பாதி வேளச்சேரி அங்கேதான் நிறுத்துகிறது.

“வெளியில போட்டா எங்க சர்வீஸ் சென்டர்ல கேஷ்லெஸ் வராது சார். டெலிவரியும் லேட்டாகும்.” இப்போது மேனேஜரே வந்திருந்தார்.

மாமா ஒன்றும் பேசவில்லை. கொட்டேஷன் ஓரத்தில் கணக்குப் போட்டார். “மேனேஜர் சார், 10,640-க்கு 18 பர்சென்ட் ஜிஎஸ்டி எவ்வளவு?”

மேனேஜர் போனில் தட்டினார். “1,915 ரூபாய் 20 பைசா.”

“1915. கேள்விப்பட்ட நம்பரா இருக்கே?” தேசிய நுகர்வோர் உதவி எண் அதுதான். மாமா அந்த நாலு இலக்கத்தைச் சுற்றிப் பச்சையில் ஒரு வட்டம் போட்டார். நிறுத்தி, நிதானமாக. சத்தியமாகச் சொல்கிறேன், போனை எடுக்கக்கூட இல்லை.

“சாருக்கு டீயா, காபியா?” என்றார் மேனேஜர்.

எல்லாம் முடிந்து 10,28,200. கொட்டேஷனில் இருந்து 45,200 ஆவியாகியிருந்தது. மார்கழித் தள்ளுபடி தனி.

தை பிறந்தது, டெலிவரி நாள். எல்லோரும் பட்டு கட்டிக்கொண்டு ரிப்பன் வெட்டக் காத்திருக்க, மாமா வேட்டியை மடித்துக்கொண்டு டயர் பக்கத்தில் குந்திவிட்டார். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நாலு டயரிலும் 3825, அதாவது 2025-இன் 38-வது வாரம். வண்டி விதிப்படி தயாரானது என்று கம்பெனி தருகிற படிவம் 22-இல் இருந்த தயாரிப்பு மாதத்தோடு ஒத்துப்போனது. டிக்கியைத் திறக்கச் சொல்லி, மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னியைப் பார்த்தார். 1124. ஒன்றரை வருஷம் மூத்தது.

“ஸ்டெப்னிதானே சார், அப்படித்தான் வரும்.”

அப்புறம் மாமா பேசியதை ஷோரூமே நின்று கேட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கொடுத்த காசு 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம். நாம் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். வக்கீல் தேவையில்லை, நாமே பேசலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். “எனக்கு ரெண்டு வருஷமும் வேற வேலை இல்ல தம்பி.” சட்டப் பிரிவுகளைவிட இந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது என்பது என் கணிப்பு. இருபது நிமிஷத்தில் புது ஸ்டெப்னி வந்தது. நல்ல நேரம் முடிய நாலு நிமிஷம் இருந்தது.

நேராக அம்மன் கோயில். வாசலில் ஒருவர் வண்டியை வளைத்துக்கொண்டு மாலை, பூசணிக்காய், நாலு எலுமிச்சம்பழம், கற்பூரம், பம்பரில் சந்தனம், எல்லாம் சேர்த்து ‘பேக்கேஜ் 1,100’ என்றார். மாமா சட்டைப் பையில் இருந்து எடுத்து அப்படியே கொடுத்தார். பேரம் இல்லை. “மாமா, வவுச்சர்?” என்றேன் மெதுவாக. என்னைப் பார்த்த பார்வையில் எலுமிச்சம்பழம் வண்டி ஏறாமலே நசுங்கியிருக்கும்.

முதல் ஃப்ரீ சர்வீஸுக்கு மாமா வரவில்லை. கண் ஆபரேஷன். நான் மட்டும் போனேன். ஃப்ரீ என்பது வேலைக்கூலிக்குத்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? அட்வைசர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். “உங்க சேஃப்டிக்குத்தான் சார்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டியிருக்கிறேன். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு ஏசி கிருமிநீக்கம் 1,450, எலி விரட்டி ஸ்ப்ரே 900, டயருக்கு நைட்ரஜன் 250.

கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு மாமா பில்லை வாங்கி மூக்குக்கு நேரே பிடித்தார். “மாப்ள, காத்துல நைட்ரஜன் எவ்வளவு?”

“78 சதவீதம் மாமா.”

“எந்த வகுப்புல நடத்துறீங்க?”

“ஏழு.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

மூன்றாவது வாரம், வண்டியை எடுத்தால் டேஷ்போர்டில் விளக்கு மேல் விளக்கு. பானெட்டைத் திறந்தால் ஒயர் கடிபட்டுக் கிடக்கிறது. பேட்டரி மேல் பாதி தின்ற ஒரு நேந்திரங்காய் சிப்ஸ். 900 ரூபாய் ஸ்ப்ரேயைத் தொட்டுக்கொண்டு தின்றிருக்கிறது. எலி கடித்தால் வாரண்டியில் வராது. இன்சூரன்ஸில் கேட்கலாம், ஆனால் 2,300 ரூபாய் வேலைக்கு க்ளெய்ம் போட்டால் முதல் வருஷத்துக்கான 20 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாதவருக்கு அடுத்த பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி) போய்விடும். அடுத்தடுத்து 25, 35, 45, 50 என்று ஏறுகிற ஏணியில் முதல் படியிலேயே சறுக்கல். கணக்குப் பார்த்து, கைக்காசில் கட்டினோம்.

பிறகு மாமா தானே ஒரு காரியம் செய்தார். வெற்றிலையில் சுண்ணாம்புகூட அளவாகத் தடவுகிற மனிதர், முக்குப் பெட்டிக்கடையில் போய் புகையிலை கேட்டிருக்கிறார். பானெட்டுக்குள் கட்டினால் எலி வராதாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாராம். அதோடு விட்டாரா, 30 ரூபாய் புகையிலைக்கு ரசீதும் கேட்டிருக்கிறார். கடைக்காரர் அதைப் பற்றி ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

போன வாரம் ஆர்சி நகல் தேடும்போது மாமாவின் ‘கார்’ ஃபைல் கையில் கிடைத்தது. ஒவ்வொரு செலவுக்கும் பின் குத்திய ரசீது. நைட்ரஜனுக்கு எதிரே ‘ஏன்?’ என்று இரண்டு தடவை. கோயில் வாசல் 1,100-க்கு ரசீது இல்லை, அங்கேயும் ‘ஏன்?’ இருந்தது, அவர் எழுத்திலேயே. அதற்குக் கீழே, அதே பச்சையில்: ‘அம்மன் விஷயம். ஆட்சேபணை கைவிடப்படுகிறது.’

அடுத்த வரி, புகையிலை 30. ரசீது இல்லை. எதிரே, ‘நிலுவை.’