மீட்டர் சோதனையில் மாட்டிய 18 விநாடி

எங்கள் காற்றாலைத் துணைமின் நிலையத்தின் இண்டர்ஃபேஸ் மீட்டர்களுக்கு (கிரிட்டோடு பரிமாறும் மின்சாரத்தை அளப்பவை) ஐந்தாண்டுச் சோதனை ஒருவழியாக முடிந்தது. மெயின் மீட்டர், அதைச் சரிபார்க்கும் செக் மீட்டர் இரண்டும் 0.2எஸ் துல்லிய வகுப்பின் வரம்புக்குள் தாராளமாக நின்றன. எங்களைப் பாடாய்ப் படுத்தியது ஒரு சான்றிதழும் ஒரு கடிகாரமும்தான்.

சோதனைக்கு வந்த நிறுவனத்தின், ஒப்பிட்டுப் பார்க்கும் ரெஃபரன்ஸ் மீட்டரில் இருந்த வரிசை எண்ணும், அவர்கள் மின்னஞ்சலில் அனுப்பியிருந்த காலிபரேஷன் சான்றிதழில் இருந்த எண்ணும் வேறு வேறு. "அதே மாடல்தான் சார்" என்றார் வந்தவர். மின்வாரியத்தின் மீட்டர் சோதனைப் பிரிவான எம்.ஆர்.டி.யின் அதிகாரி சீலை உடைக்க மறுத்துவிட்டார். அவர் செய்தது முழுக்கச் சரி. ஆனால் அடுத்த தேதி கேட்டுப் போனால், பழைய கடிதம் செல்லாது, புதிதாக எழுதி மேலதிகாரி கையெழுத்தோடு கொண்டு வாருங்கள் என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். இதற்குள் நல்ல காற்று போய்விடுமோ என்று பதற்றம். லோடு இல்லாமல் ஓடும் லைனில் மீட்டரை ஒழுங்காகச் சோதிக்க முடியாது. எனவே, கருவி வண்டியில் ஏறும் முன்பே அதன் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஒயரைச் சுற்றிக் கவ்வி கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மாட்டிப் பார்த்துவிடலாம் என்பார்கள், விடாதீர்கள். கிளாம்பின் பிழையே 0.2 சதவீதத்தைத் தாண்டக்கூடும். டி.டி.பி. எனும் சோதனை டெர்மினல் பிளாக் வழியாக சீரீஸில்தான் சேர்க்க வேண்டும். அங்கே ஷார்ட் லிங்க் இறுகியிருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்த பிறகே அடுத்த ஸ்க்ரூவைத் தொட வேண்டும். லோடில் இருக்கும் சி.டி.யின் (லைன் கரண்ட்டைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரி திறந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாக நேரச் சரிபார்ப்பு. புதிதாக மாட்டிய ஜி.பி.எஸ். கடிகாரத்தோடு ஒப்பிட்டால், இரண்டு மீட்டருமே 18 விநாடி பின்னால் இருந்தன. கடிகாரம் விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டோம். "ஜி.பி.எஸ். தப்பாகாது, மீட்டரை முன்னால் தள்ளுங்க" என்றார்கள்.

தனித்தனியாக ஓடும் இரண்டு மீட்டர்கள் எப்படி ஒரே அளவு பின்தங்கும்? லேப்டாப்பில் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தை எடுத்துப் பார்த்தோம். மீட்டர்கள் ஒரு விநாடிக்குள் சரியாக இருந்தன. தப்பு கடிகாரத்தில்தான். ஜி.பி.எஸ். நேரம் 1980 ஜனவரி 6 முதல் லீப் விநாடி (பூமியின் சுழற்சிக்கு ஏற்ப உலக நேரத்தில் அவ்வப்போது சேர்க்கும் கூடுதல் விநாடி) சேர்க்காமல் ஓடுகிறது. உலகப் பொது நேரமான யு.டி.சி.யைவிட அது இப்போது 18 விநாடி முன்னால் இருக்கிறது. அதைக் கழித்துக் கொடுக்கும் செட்டிங்கை யாரும் போடவே இல்லை. சென்ற முறை லைன் டிரிப் ஆனபோது இதே கடிகாரத்தில் நேரம் வாங்கும் எங்கள் ரிலேயின் (ஃபால்ட் வந்தால் லைனைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) பதிவும் எதிர்முனைப் பதிவும் ஒட்டாமல் போன காரணமும் அப்போதுதான் புரிந்தது.

மீட்டரைத் தள்ளியிருந்தால் என்ன ஆகும்? 15 நிமிடக் கட்டம் ஒன்று 100 மெகாவாட்டில் தொடங்கி, காற்று விழுந்து 40-இல் முடிகிறது என்று வையுங்கள். 18 விநாடி நகர்ந்தாலே அந்தக் கட்டத்தின் கணக்கில் 300 யூனிட் மாறிவிடும். முன்கூட்டிச் சொன்ன அளவிலிருந்து விலகினால் வரும் டி.எஸ்.எம். கட்டணத்தில் அது பணம்.

செட்டிங்கை மாற்ற பாஸ்வேர்டு வேண்டும். அது அந்த நிறுவனத்திடமே இருந்தது. ஆள் வர வேண்டும், பர்ச்சேஸ் ஆர்டர் வேண்டும் என்றார்கள். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய கடிகாரத்துக்கு நமக்கே பாஸ்வேர்டு இல்லை என்பது இன்னும் ஆறவில்லை. கூட்டு அறிக்கையில் "கடிகாரம் 18 விநாடி பிழை" என்று எம்.ஆர்.டி. அதிகாரி எழுதத் தொடங்கியதைச் சொன்னதும் வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்டு வந்தது. ஒரு நிமிட வேலை.

உங்கள் நிலையத்தில் வித்தியாசம் 37 விநாடி என்றால், நெட்வொர்க்கில் பி.டி.பி. முறையில் நேரம் வாங்கும் கருவி, லீப் விநாடி சேர்க்காத அணு நேரமான டி.ஏ.ஐ.யை அப்படியே காட்டுகிறது. ஐந்தரை மணி என்றால் இந்திய நேரத்துக்கான (ஐ.எஸ்.டி.) ஆஃப்செட்டைப் பாருங்கள். சில மில்லிசெகண்ட் மட்டும் ஆடினால் துல்லியம் குறைந்த எஸ்.என்.டி.பி. நேர முறையில் விடப்பட்ட ரிலே எது என்று தேடுங்கள். கடிகாரத்தின் நேரக் குறியீட்டைக் கொண்டுபோகும் ஐரிக்-பி கேபிளின் கடைசி டெர்மினேஷனையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

அதன் பிறகு வந்த டிரிப்பில் இரு முனைப் பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தோம். ஃபால்ட் தொடங்கிய இடம் ஒரு மில்லிசெகண்டுக்குள் பொருந்தியது. கன்ட்ரோல் ரூம் சுவரை ஒட்டி மாட்டிய ஆன்டெனாவுக்குப் பாதி வானம்தான் தெரிகிறது. அதை மொட்டை மாடிக்கு மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.