நொடிக்கு 17.6 துடிப்பு

அந்தக் காவல்துறை சார்ஜென்ட் தன் ரேடியோ செட்டை என் மேசையில் வைத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பெல்ட்டிலிருந்து கழற்றி, பேட்டரியைத் தனியாகப் பிரித்து, இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையின் வாயை முடிச்சுப் போட்டு வைத்தார். செத்த எலியைத் தூக்கிப் போட வந்தவரைப் போல. "என்ன பழுது, சார்ஜ்?" என்று கேட்டேன். "பழுதெல்லாம் இல்லை. எனக்கு வேண்டாம்" என்றார்.

2003ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். இங்கிலாந்தில் ஒரு கவுண்டி காவல்துறையின் ரேடியோ பட்டறையில் டெக்னீஷியனாக இருந்தேன். பிரிட்டன் முழுவதும் பழைய அனலாக் ரேடியோக்களை ஓரங்கட்டிவிட்டு, ஏர்வேவ் என்ற டிஜிட்டல் வலையமைப்புக்குக் காவல்துறைகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. டெட்ரா என்ற ஐரோப்பியத் தரத்தில் இயங்குவது அது. 2001இல் லங்காஷயர் முதலில் மாறியது. எங்கள் முறை அப்போதுதான் வந்திருந்தது. செட்களுக்கு புரோகிராம் ஏற்றுவது, வண்டிகளில் ஆன்டெனா பொருத்துவது, சிக்னல் எட்டாத சந்துபொந்துகளைக் குறித்துக்கொண்டு வருவது, இவைதான் என் வேலை. பயத்துக்குப் பதில் சொல்வது வேலைப் பட்டியலில் இல்லை.

சார்ஜென்ட் பையோடு சேர்த்து ஒரு தாளையும் தந்தார். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போன தாள். ஸ்டேஷன் ஓய்வறைகளில் கைமாறிக்கொண்டிருந்த பல தாள்களில் அதுவும் ஒன்று. டெட்ரா செட் மூளையின் அலைகளோடு ஒத்துத் துடிக்கிறது, பனிப்போர்க் காலத்தில் மனிதரைக் கட்டுப்படுத்தச் செய்த ஆயுத ஆராய்ச்சியிலிருந்து வந்தது, அரசுக்கு எல்லாம் தெரியும், மூடி மறைக்கிறார்கள் என்று போனது. நான் படித்துவிட்டு, "உங்கள் மனதைப் படிக்கிற அளவுக்கு அரசாங்கத்திடம் பணம் இல்லை சார்ஜ், வண்டிக்கு டயர் வாங்கவே கையெழுத்துக் கிடைப்பதில்லை" என்றேன். பட்டறையில் இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தலைவலி எனக்கு. சிரிப்பு உனக்கு. சரி, அந்தத் தாளில் ஒரு எண் இருக்கிறதே, அதையாவது கணக்குப் போட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பார்த்திருக்கவில்லை. அன்று மாலை எல்லாரும் போன பிறகு போட்டுப் பார்த்தேன். டெட்ராவில் ஒரே அலைவரிசையை நான்கு பேர் நேரத்தைப் பங்கிட்டுப் பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்குக் கிடைக்கிற துண்டு 14.17 மில்லிசெகண்ட். நான்கு துண்டு சேர்ந்தால் 56.67 மில்லிசெகண்ட். ஆக, நான் பொத்தானை அழுத்திப் பேசும்போது என் செட் ஒரு துண்டு நேரம் அலையை அனுப்பும், மூன்று துண்டு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கும், மறுபடி அனுப்பும். 1000ஐ 56.67ஆல் வகுத்தால் நொடிக்கு 17.6 துடிப்பு. தாளில் இருந்த எண்ணும் அதுதான். விழித்திருக்கும் மூளையின் பீட்டா அலைகள் நொடிக்கு ஏறத்தாழ 13க்கும் 30க்கும் நடுவில் இருக்கும் என்பதும் சரிதான்.

கணக்கு சரியாக இருந்ததே எனக்குப் பெரிய தொந்தரவாகிவிட்டது. முட்டாள்தனம் என்று நினைத்து ஒதுக்கிய தாளில் முதல் வரி உண்மை என்றால், இரண்டாவது வரியை எந்த முகத்தோடு மறுப்பது?

தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்த எண்ணுக்கு ஒரு பூர்வீகம் இருந்தது. 1970களில் அமெரிக்காவில் பாவின், ஏடி என்ற ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவினரும் கோழிக்குஞ்சின் மூளைத் திசுவை வெளியே எடுத்து, 147 மெகாஹெர்ட்ஸ் அலையை அதன்மேல் செலுத்தினார்கள். அலையின் வலிமையை நொடிக்கு 16 தடவைக்குப் பக்கமாக ஏற்றி இறக்கினால், திசுவிலிருந்து கால்சியம் வெளியேறுவது மாறுகிறது என்றார்கள். பிறகு செய்தவர்களில் சிலருக்கு அது கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அதனால் உடம்புக்கு என்ன கெடுதல் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இருந்தும், மொபைல் போன் பாதுகாப்பை ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த சர் வில்லியம் ஸ்டூவர்ட் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில், இனி வரும் தொழில்நுட்பங்களில் 16 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 16 தடவையை, ஒட்டிய ஏற்ற இறக்கத்தை முன்னெச்சரிக்கையாகத் தவிர்ப்பது நல்லது என்று எழுதிவிட்டது. அடுத்த ஆண்டே 17.6இல் துடிக்கிற செட்டைக் காவலர் கையில் கொடுத்தால், அவர் என்ன நினைப்பார்? நானே அந்த இடத்தில் இருந்திருந்தால் பையில் கட்டித்தான் வைத்திருப்பேன்.

இதைப் பற்றி 2001இல் ஒரு தனி அறிக்கையே வந்திருந்தது. கதிர்ப் பாதுகாப்பு வாரியத்தின் ஆலோசனைக் குழு எழுதியது. டெட்ராவின் இந்தத் தனி இயல்பால் ஆபத்து இருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் சான்று போதாது, மேலும் ஆராய வேண்டும் என்பது அதன் சாரம். எங்களுக்கு மேலிருந்து வந்த சுற்றறிக்கையில் "பாதுகாப்பானது என்று நிபுணர்கள் உறுதி செய்துள்ளனர்" என்று ஒரே வரி. நிபுணர்கள் நிதானமாகச் சொன்னதை அலுவலகம் ஒரே வரியில் அடித்துச் சொன்னது. யாரோ ஒரு காவலர் மூல அறிக்கையைத் தேடிப் படித்து, "சான்று போதாது" என்ற இடத்தில் மஞ்சள் கோடு போட்டு அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். அதன்பிறகு சுற்றறிக்கையை யாரும் நம்பவில்லை. ஓய்வறைத் தாள்களுக்கு மவுசு கூடியது.

அந்த அறிக்கையில் வேறொன்றும் இருந்தது. துடிப்பது கையில் இருக்கிற செட்தான், சிக்னல் அனுப்புகிற ரேடியோ கோபுரம் அல்ல. கோபுரத்திலிருந்து வருகிற அலை இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். பயமோ முழுக்கக் கோபுரத்தின்மேல் இருந்தது. ஒரு கிராம மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு அளவுக் கருவியோடு என்னை அனுப்பினார்கள். மண்டப வாசலில் வைத்து அளந்து காட்டினேன். சர்வதேசப் பாதுகாப்பு வரம்பின் ஓரத்தில்கூட இல்லை. ஒரு அம்மாள் கேட்டார்: "கருவி யாருடையது?" காவல்துறையுடையது என்றேன். "அப்படியா" என்றார். அத்தோடு கூட்டம் முடிந்த மாதிரிதான்.

சார்ஜென்ட்டிடம் ஒரு வாரம் கழித்துப் போனேன். கணக்கு சரி என்று ஒப்புக்கொண்டேன். பிறகு என் கணக்கையும் சொன்னேன். செட்டின் உச்ச சக்தி 1 வாட். நான்கில் ஒரு பங்கு நேரம்தான் அனுப்புவதால் சராசரி கால் வாட். உங்கள் பாக்கெட்டில் இருக்கிற மொபைல் போன் உச்சத்தில் 2 வாட், எட்டில் ஒரு பங்கு நேரம், அதுவும் அதிகபட்சம் கால் வாட்தான். "போன் எத்தனை தடவை துடிக்கிறது?" என்று கேட்டார். 217 என்றேன். "217 வேறு, 17 வேறு" என்றார். மனிதர் வீட்டுப்பாடம் செய்திருந்தார்.

நீங்கள் பேசும்போது மட்டும்தான் அது அப்படித் துடிக்கும், கேட்டுக்கொண்டிருக்கும்போது இல்லை, ஒரு ஷிஃப்டில் மொத்தமாக எத்தனை நிமிடம் பேசுவீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்தார். அப்புறம்தான் மற்ற விஷயங்கள் வெளியே வந்தன. இயர்பீஸ் பழசைவிட உறுத்துகிறது, பத்து மணி நேரம் காதில் கிடக்கிறது. ஷிஃப்ட் முறையை அதே மாதங்களில் மாற்றியிருந்தார்கள். புது செட்டில் ஜிபிஎஸ் வந்திருந்தது. யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கன்ட்ரோல் ரூமுக்குத் தெரியும். இருபது வருடம் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் ரோந்து போனவருக்கு அது சுலபமாக ஜீரணமாகவில்லை. தலைவலி பொய் என்று நான் சொல்லவில்லை. எதன்மேல் பழி போட்டால் யாராவது காது கொடுத்துக் கேட்பார்கள் என்பதும் அதில் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஷிஃப்ட் பிடிக்கவில்லை என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

அன்று அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. டெட்ரா தரத்திலேயே ஒரு வசதி இருக்கிறது. கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு செட்டின் மைக்கைத் திறந்து, அதைச் சுற்றி நடக்கிற பேச்சைக் கேட்கலாம். செட் வைத்திருப்பவருக்கு எந்த அடையாளமும் தெரியாது. ஆபத்தில் சிக்கியவருக்காகவும் திருடுபோன செட்டுக்காகவும் வைத்தது. நாங்கள் ஏற்றிய புரோகிராமில் அது அணைக்கப்பட்டிருந்தது. இருந்தாலும் அதைப் பற்றி வெளியே பேச வேண்டாம் என்று எங்களுக்கு வாய்மொழி உத்தரவு. மூளையைக் கேட்கிறார்கள் என்று பயந்தவரிடம், வாயைக் கேட்க முடியும் என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது வேலை போய்விடும் என்று தோன்றியது.

ஆராய்ச்சிகள் பிறகு வந்தன. லண்டன் கிங்ஸ் கல்லூரியில், செட்டால் உடம்புக்கு முடியவில்லை என்று சொன்ன காவலர்கள் 60 பேரையும், அப்படிச் சொல்லாத 60 பேரையும் உட்காரவைத்து, எப்போது டெட்ரா போன்ற அலை வருகிறது, எப்போது ஒன்றுமே வரவில்லை என்பதை அவர்களுக்கும் நடத்துபவர்களுக்கும் தெரியாமல் சோதித்தார்கள். அந்தத் துடிப்பு வந்தபோது தொந்தரவு கூடவில்லை. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கோபுர அலையை வைத்து இதே மாதிரி செய்தார்கள். அலை ஓடுகிறது என்று சொல்லிவிட்டு ஓடவிட்டபோது, அலை தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வந்தவர்கள் உடம்பு சரியில்லை என்றார்கள். சொல்லாமல் ஓடவிட்டபோது வித்தியாசமே இல்லை.

இம்பீரியல் கல்லூரி 2004இல் தொடங்கிய ஆய்வு இன்னும் பெரியது. நாடு முழுவதும் 50,000க்கு மேற்பட்ட காவலர்களும் ஊழியர்களும் ரத்தம் கொடுத்து, கேள்வித்தாள் நிரப்பிச் சேர்ந்தார்கள். எங்கள் சார்ஜென்ட்டும் சேர்ந்தார். அதற்குள் செட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார். செட் இல்லாமல் ரோந்து போக முடியாது என்பதால்தான், என் பேச்சைக் கேட்டு அல்ல.

கதையை இடையில் நிறுத்தி, பிற்பாடு 2023இல் வந்த ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். மிட்நைட் புளூ என்ற டச்சு ஆய்வுக் குழு, டெட்ராவின் ரகசியக் குறியாக்க முறைகளைப் பிரித்துப் பார்த்தது. டிஇஏ1 என்ற முறையில் 80 பிட் சாவி என்று சொல்லப்பட்டது, உள்ளே யாருக்கும் தெரியாமல் 32 பிட்டாகச் சுருக்கப்படுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 32 பிட் என்றால் சாதாரணக் கணினியே உடைத்துவிடும். ஐரோப்பியக் காவல்துறைகளுக்கு உரியது டிஇஏ2 என்ற வேறு முறை. டிஇஏ1 ஏற்றுமதிக்கும் தொழிற்சாலை போன்ற இடங்களுக்கும் போனது. தரத்தை வகுத்த அமைப்பு, அது கள்ளச் சாவி அல்ல, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்காகச் செய்தது என்றது. அதே ஆண்டு அந்த முறைகளை வெளியிடவும் முடிவு செய்தது. இத்தனை ஆண்டுகளாக மறைத்துவைத்த ஒன்று டெட்ராவுக்குள் உண்மையிலேயே இருந்திருக்கிறது. ஓய்வறைத் தாள்களில் ஒன்றுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

இம்பீரியல் ஆய்வின் புற்றுநோய் முடிவு 2019இல் வெளியானது. 48,518 பேர். செட் பயன்படுத்தியவர்களுக்குப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. சார்ஜென்ட் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. எண் என்னிடம் இருந்தது, அழைத்தேன். நான் யார் என்று நினைவுபடுத்தவே கொஞ்ச நேரம் பிடித்தது. முடிவைச் சொன்னேன்.

"எத்தனை வருடம் பார்த்தார்கள்?" என்று கேட்டார்.

"பாதிப் பேரை 5.9 வருடத்துக்கு மேல், மீதிப் பேரை அதற்குக் குறைவாக."

"மூளைக் கட்டி வளர அது போதுமா?"

போதாமல் இருக்கலாம் என்றேன். கட்டுரை எழுதியவர்களே இன்னும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் முடித்திருந்தார்கள். அதையும் வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இதையாவது முழுசாகச் சொன்னாயே" என்றார். தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே நின்றுவிட்டதாம். செட்டைத் திருப்பிக் கொடுத்ததால் என்று அவர் சொன்னார். ராத்திரி ஷிஃப்ட் நின்றதால் என்று நான் நினைத்துக்கொண்டேன்.