குளிர் அறைக் கத்திகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் சிம்பாங் அம்பாட்டில் நான் வேலை செய்யும் சாணைப் பட்டறைக்கு, இரண்டாவது பாலம் தாண்டி, பத்து மாவுங் பக்கத்து உறைமீன் கூடங்களிலிருந்து கத்திகள் வருகின்றன. சந்தைக் கத்தி மழுங்கித்தான் வரும். குளிர் அறைக் கத்தியோ வாய் மூளியாகி வரும். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால், மூளி விழுந்த இடம் உடைத்த கற்கண்டு போல மணிமணியாக மின்னும். வளைந்த தடமே இருக்காது. எஃகு இழுபடாமல் பட்டென்று முறிந்ததற்கு அதுவே அடையாளம்.

குளிர்தான் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. சாதாரண இரும்புத் தகடு குளிரக் குளிர வளையும் குணத்தை இழக்கும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லந்தில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதுக் கப்பல் அமைதியான நீரில் நின்றபடியே நடுவில் பிளந்தது. எஃகின் தரக்குறைவு, பற்றவைப்பில் குறை, குளிர் மூன்றும் சேர்ந்த வினை அது.

கத்தி எஃகு அப்படியல்ல. கடினமாக்கப்பட்டதால் சாதாரண வெப்பத்திலேயே அது அடி தாங்குவது குறைவு. மைனஸ் 18 டிகிரியில் இன்னும் கொஞ்சம் குறையும். பெரிய மாற்றம் மீனில்தான். உறைந்த தெங்கிரியில் கத்தியை இறக்கி, சிக்கியதும் பக்கவாட்டில் திருகுகிறார்கள். மெல்லிய வாய் எந்த வெயிலிலும் அதைத் தாங்காது. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60-ஐத் தாண்டிய கத்திகள்தான் அதிகம் மூளியாகின்றன. 56 சுமாருக்கு உள்ளவை வளைந்து பிழைத்துக்கொள்கின்றன.

"அண்ணே, குளிர் எஃகைக் கெடுக்கும்னா, கத்தியை ஏன் திரவ நைட்ரஜன்ல போடுறாங்க?" என்று பட்டறைத் தம்பி கேட்டான். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்திய பிறகும் எஃகுக்குள் கொஞ்சம் ஆஸ்டினைட், அதாவது சூட்டில் உருவான மென்மையான அமைப்பு, மாறாமல் தங்கிவிடும். மைனஸ் 80-க்கோ, நைட்ரஜனில் மைனஸ் 196-க்கோ இறக்கினால் அதில் பெரும்பகுதி மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பாக மாறி, கடினம் கூடும். புதிதாகப் பிறந்த மார்ட்டென்சைட் சட்டென்று விரிசல் விடும். உடனே மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தியாக வேண்டும். கத்தி உருவாகும்போதே முடிந்துவிடும் வேலை அது. ஐஸ் ரூமில் வைத்து எடுக்கும் கத்திக்கு அந்தப் பலன் எதுவும் வராது.

மூளியின் அடிவரை தேய்த்து எடுக்காமல் நான் விடமாட்டேன். அடுத்த விரிசல் அங்கிருந்துதான் ஓடும். பக்கத்துக்கு 15 டிகிரிக் கோணமாக இருந்த வாயை 20-க்கு மேல் ஏற்றுகிறேன். "தடிப்பா இருக்கே" என்று மேற்பார்வையாளர்கள் குறைபடுவார்கள். மெல்லிய கத்தியை உருகிய மீனுக்கு வைத்துக்கொள்ளுங்கள், உறைந்த கட்டிக்கு ரம்பம் வாங்குங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.