இரண்டு அளவுக்கும் ஒரே ஜாக்கெட்

வியாழக்கிழமை ஆபரேஷன். இன்று திங்கள். வெட்டுகிற மேஜையில் வெள்ளைப் பருத்தித் துணியை விரித்துப் போட்டு ஒரு மணி நேரமாக நிற்கிறேன். சாக்பீஸை எடுக்கிறேன், திரும்ப வைக்கிறேன்.

காஞ்சிபுரத்தில் இருபத்தாறு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். முகூர்த்த ஜாக்கெட்தான் அதிகம். ஒரு பெண் வாசலில் வந்து நின்றாலே மார்பளவு எனக்குத் தெரிந்துவிடும். இப்போது என் அளவுதான் எனக்குத் தெரியவில்லை.

வலது மார்பில், அக்குள் ஓரமாகப் புற்றுநோய்க் கட்டி. 2.3 சென்டிமீட்டர். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால் மார்பை எக்ஸ்ரே எடுக்கிற மேமோகிராமில் கட்டியைச் சுற்றிக் கோலமாவு சிந்தினதுபோலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அதனால் பேச்சு மாறியது. கட்டியோடு சுற்றியிருக்கிற நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுத்து, நான் மயக்கத்தில் இருக்கும்போதே ஓரத்தைச் சோதிப்பார்களாம். ஓரம் சுத்தமாக இருந்தால் அதோடு தைத்துவிடுவார்கள். இல்லையென்றால் மார்பை முழுசாக எடுத்துவிடுவார்கள். அன்றைக்குச் சுத்தம் என்று வந்தாலும் முழு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்த ஓரத்துக்கு "மார்ஜின்" என்று டாக்டர் சொன்னதும், "எங்க தொழில்லயும் அதே வார்த்தைதான் டாக்டர்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, எவ்வளவு விடுவீர்கள் என்று அக்கறையாகக் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு மூச்சு வந்தது.

"எதுக்கு வம்பு, மொத்தமா எடுத்துடச் சொல்லு" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது வேறு. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற டாக்டரின் குழு 1,851 பெண்களை இருபது வருஷம் தொடர்ந்து கவனித்து 2002ல் முடிவை வெளியிட்டது. மார்பை முழுசாக எடுத்தவர்களும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வாங்கியவர்களும் ஒரே அளவுதான் பிழைத்திருந்தார்கள். அதனால் இரண்டில் எது நடந்தாலும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கத்தான் செய்தது.

அதைவிட எனக்கு அக்குளைப் பற்றித்தான் பயம். நீல மை செலுத்தி, அது முதலில் போய்ச் சேருகிற நெறிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, எடுத்துப் பார்ப்பார்கள். அதில் நோய் இருந்தால் மற்ற நெறிகளையும் எடுக்க வேண்டி வரலாம். "ஒண்ணு ரெண்டு நாள் சிறுநீர் பச்சையாப் போகும், பயந்துடாதீங்கக்கா" என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். பச்சை பரவாயில்லை. நெறியெல்லாம் எடுத்தால் கை வீங்கலாம் என்கிறார்களே, அது கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

ஆபரேஷன் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில். தங்கை கூட வருகிறாள். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. அதைப் படித்ததிலிருந்து இவளையும் பரிசோதனைக்கு வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டே இருக்கிறேன். என் ஆபரேஷன் முடியட்டும் என்கிறாள்.

மதியம் ஒருவழியாகத் துணியை வெட்டினேன். கையைத் தூக்க முடியாது என்பதால் முன்பக்கம் முழுக்கத் திறப்பு, பெரிய ஊக்கு. வலது கை நல்ல தளர்வாக. அக்குளிலிருந்து வருகிற குழாயின் பாட்டிலை வைக்க இடுப்போரம் ஒரு பை. வலது மார்புக்கு உள்பக்கம் இன்னொரு பை, தேவைப்பட்டால் பஞ்சு வைக்க. அந்தப் பக்கத்து டாட்டை, அதாவது மார்பு வளைவுக்காகப் பிடிக்கிற மடிப்பை, மட்டும் மெஷினில் ஓட்டவில்லை. உள்ளே இரண்டு இன்ச் துணி விட்டு, சிவப்பு நூலால் கையில் ஓடவிட்டிருக்கிறேன். மார்பு இருந்தால் அப்படியே போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் நூலை உருவிவிட்டுத் துணியை உள்ளே மடித்து ஊசி குத்தினால் போதும்.

தங்கைக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. எந்த முனையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று காட்டினேன். இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.