எல்லோருக்கும் ஒரே பட்டன்

ஜூன் 2, 2025

வெப் பக்கங்கள் எழுத ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்கில் ஒரு டீம், வியூ என்ற இன்னொன்றில் ஒரு டீம், ஜேகுவெரி என்ற பழைய லைப்ரரியில் எழுதிய பக்கங்களை இன்னும் சுமக்கும் மூன்றாவது டீம். மூன்று இடத்திலும் பட்டன் மூன்று வித நீலம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு லைப்ரரி செய் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எந்த ஃப்ரேம்வொர்க்கை எடுத்தாலும் மற்ற இருவருக்கு ஆகாது. அதனால் வெப் காம்பொனென்ட்: நாமே பெயர் வைத்துச் செய்யும் எச்டிஎம்எல் டேக், பிரவுசருக்கே புரியும். 2020 ஜனவரியில் எட்ஜும் குரோமியத்துக்கு மாறிய பிறகு, முக்கிய பிரவுசர் எதற்கும் இதற்கென்று பாலிஃபில் (பிரவுசரில் இல்லாததை ஈடுகட்டும் ஸ்கிரிப்ட்) தேவையில்லை.

ஜூன் 3

டேக் பெயரில் ஒரு ஹைஃபன் கட்டாயம். முதல் எழுத்து ஆங்கிலச் சிறிய எழுத்தாக இருக்க வேண்டும். அதற்கப்புறம் தமிழே எழுதலாம்! 'x-பொத்தான்' என்று வைத்து ஓட்டியும் பார்த்தேன், ஓடியது. டீமில் யாரும் ரசிக்கவில்லை.

அடித்தளத்துக்கு லிட், வெப் காம்பொனென்ட் எழுத உதவும் ஒரு சின்ன லைப்ரரி. வெறும் ஜாவாஸ்கிரிப்டே போதும்தான், ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் டாமை (பக்கத்தின் எலிமென்ட்களைப் பிரவுசர் வைத்திருக்கும் மரம்) கையால் திருத்த எனக்குப் பொறுமை இல்லை.

ஜூன் 5

பட்டன் முடிந்தது. வெளியே இருக்கும் சிஎஸ்எஸ் விதிகள் ஷேடோ டாமுக்குள், அதாவது காம்பொனென்டுக்குள் மூடி வைத்த தனி மரத்துக்குள், நுழையாது. ஆனால் சிஎஸ்எஸ் வேரியபிள்கள் உள்ளே இறங்கும். நிறம், இடைவெளி எல்லாவற்றையும் அந்த வழியில் விட்டேன். வியூ டீம் கான்ஃபிகில் ஒரு வரி சேர்த்தார்கள், அவ்வளவுதான். ஜேகுவெரி டீம் 'டிசேபிள்ட்' என்ற ஆட்ரிபியூட்டுக்கு 'ஃபால்ஸ்' என்று மதிப்புக் கொடுத்துவிட்டு, பட்டன் செத்துவிட்டது என்றார்கள். அந்த ஆட்ரிபியூட் இருந்தாலே முடக்கம்தான், மதிப்பை யாரும் பார்ப்பதில்லை.

ஜூன் 10

இன்புட் பெட்டியை நேற்று கொடுத்தேன். காலையிலேயே ஜேகுவெரி டீமிலிருந்து மெசேஜ்: "சப்மிட் ஆகுது, ஆனா பேர் மட்டும் வரல."

சர்வருக்கு என்ன போகிறது என்று காட்டும் நெட்வொர்க் டேபைத் திறந்தேன். ஃபார்மில் ஐந்து பெட்டிகள், போனது நான்கு. நம்முடையது மட்டும் இல்லை. எரரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. உண்மையான இன்புட் ஷேடோ டாமுக்குள் உட்கார்ந்திருக்கிறது. வெளியே இருக்கும் ஃபார்முக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கிளாஸில் 'ஃபார்ம் அசோசியேட்டட்' என்று அறிவித்து, ஃபார்மோடு பேச உதவும் எலிமென்ட் இன்டர்னல்ஸ் என்ற ஆப்ஜெக்டை வாங்கி, ஒவ்வொரு எழுத்து தட்டும்போதும் மதிப்பை ஃபார்மிடம் ஒப்படைக்க வேண்டும். சஃபாரிக்கு இது 2023 மார்ச்சில், 16.4-இல்தான் வந்தது. பத்து வரிகூட இல்லை. முன்பே ஏன் மாட்டவில்லை? ரியாக்ட் டீம் மதிப்பை ஸ்டேட்டில் வைத்துத் தாங்களே அனுப்பிவிடுகிறார்கள், ஃபார்ம் சப்மிட்டை நம்புவதே இல்லை. நான் சோதித்ததும் அவர்கள் பக்கத்தில் மட்டும். எந்த ஃப்ரேம்வொர்க்கையும் சாராத லைப்ரரியாம்!

ஜூன் 11

அடுத்தது. உள்ளிருக்கும் பெட்டியில் எழுத்து தட்டும்போதெல்லாம் கிளம்பும் 'இன்புட்' ஈவென்ட் ஷேடோவைத் தாண்டி வெளியே கேட்கிறது, எழுதி முடித்ததும் கிளம்பும் 'சேஞ்ச்' கேட்பதில்லை. ரியாக்ட் டீம் முதலாவதை நம்பியிருந்தார்கள், ஜேகுவெரி டீம் இரண்டாவதை. 'சேஞ்ச்' வந்ததும் வெளி எலிமென்ட்டிலிருந்து அதை நானே மறுபடி அனுப்புகிறேன்.

இனி எந்தக் காம்பொனென்டும் முதலில் ஃப்ரேம்வொர்க்கே இல்லாத வெறும் எச்டிஎம்எல் பக்கத்தில் ஓட வேண்டும்.

ஜூன் 12

அந்த வெறும் பக்கத்தில் ஒரு ஃபார்ம், நம் இன்புட், கீழே நம் பட்டன். அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே இருக்கும் பட்டனுக்கும் அதே கதி, அதுவும் ஃபார்மைப் பார்க்க முடியாது. ஐந்தாம் தேதிக் குறிப்பில் 'முடிந்தது' என்று எழுதியிருக்கிறேன்.